கசிப்பு அல்ல, புல்லெண்ணெய்

அடுப்பில் நாற்பது லீற்றர் பால் கான். மூடியிலிருந்து புறப்படும் செப்புக் குழாய் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் சுருண்டு இறங்கி, அடியால் வெளியே வந்து, கண்ணாடிப் போத்தல் ஒன்றுக்குள் சொட்டுகிறது. வன்னியில் இந்தக் காட்சியைப் பார்க்கிற யாருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம். பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, படிச்ச பிள்ளை நீ. உனக்கேனப்பு இந்தக் கசிப்பு வேலை?" என்றார். சொட்டின தண்ணீரை ஒரு மூடியில் பிடித்து மணக்கக் கொடுத்தேன். "தேசிக்காய் மணக்குது" என்றார். ஆனால் முகம் தெளியவில்லை. சொட்டைப் பிடித்தது வெறும் சாராயப் போத்தலில் என்பதும் காரணமாக இருக்கலாம். அடுத்த முறை அடுப்பு மூட்டமுன் எங்கள் கிராம அலுவலரான விதானையாரிடம் போய் விசயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். இதைச் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு என் முதல் அறிவுரை அதுதான். குழாய், நெருப்பு, விளைச்சல் எல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் காணி மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில், கொஞ்சம் உள்ளே. பின்வேலியோரம் எலுமிச்சைப் புல் நட்டு மூன்று மாரி கடந்துவிட்டது. சிங்களத்தில் சேர என்பார்களே, அதுதான். கறிக்கு றம்பையோடு போடவும் தேத்தண்ணிக்கும் என்று நட்ட ஐந்தாறு கன்று, பிரித்துப் பிரித்து வைத்ததில் அறுபது தூறாகிவிட்டது. போன வருடம் யானை வந்து வேலியைச் சரித்து, வாழையைத் தின்று, தென்னங்கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது, புல்லைத் தொடவில்லை. பிடிக்கவில்லையா, வாழையோடு வயிறு நிறைந்துவிட்டதா என்று அதைத்தான் கேட்க வேண்டும். மாட்டுக்கும் பெரிய விருப்பமில்லை. வெட்டிக் குப்பையில் போட மனமில்லாமல்தான் எண்ணெய் வடிக்கும் யோசனை வந்தது.

கான், பால் சேகரிக்கிற ஒருவர் அடி நெளிந்ததென்று ஒதுக்கிவைத்திருந்தது. அலுமினியம். செப்புக் குழாயைக் குளிர்ப்பெட்டி திருத்துகிற கடையில் வாங்கினேன். மூடியில் துளை போட்டு, குழாயைப் பித்தளை இணைப்பால் இறுக்கிக்கொண்டேன்.

முதல் தடவை செய்ததெல்லாம் பிழை. புல்லை நறுக்கி நேரே தண்ணீருக்குள் போட்டுக் காய்ச்சினேன். மூடிக்கும் செப்புக் குழாய்க்கும் இடையில் ஒரு சாண் ரப்பர்க் குழாய் வைத்திருந்தேன், வளைக்க வசதியாக. இரண்டு மணி நேரத்தில் வந்த எண்ணெய் 4 மில்லிலீற்றர். அதில் பாதி எலுமிச்சை மணம், பாதி சைக்கிள் ரியூப் மணம். கழற்றிப் பார்த்தால் ரப்பர் உள்ளே பிசுபிசுத்து ஊதியிருந்தது. இந்த எண்ணெய்கள் ரப்பரைக் கரைக்கும், மெதுமையாக்கும். ஆவியாக இருக்கும்போது இன்னும் மோசம். கானின் அடியில் புல் வெந்து, கீரை கரிந்த வாசம். கூடவே சுண்ணாம்பு பூசினதுபோல ஒரு வெள்ளைப் படை. வன்னியின் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் வன்னீர்தானே, கேத்தலைத் திறந்து பார்த்தாலே தெரியும். அதற்குப் பிறகு கானுக்குள் மழைநீர் மட்டும்தான் ஊற்றுகிறேன்.

புல்லைத் தண்ணீருக்குள் போட்டது ஏன் பிழை என்று விளங்கியது புட்டு அவிக்கும்போதுதான். நீத்துப்பெட்டிக்குள் மா இருக்கும், பானையில் தண்ணீர் இருக்கும், ஆவி மட்டும் மாவுக்கு ஊடே போகும். மாவைத் தண்ணீருக்குள் கொட்டினால் அது கூழ். அதே கதைதான் இங்கும். கானின் அடியில் மூன்று கல் வைத்து, அதன்மேல் துளைபோட்ட அலுமினியத் தட்டு ஒன்றைப் பொருத்தினேன். தட்டுக்குக் கீழே ஆறு லீற்றர் தண்ணீர், மேலே புல்.

உயர்தரத்தில் கொதிநீராவிக் காய்ச்சி வடித்தல் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். எலுமிச்சைப் புல்லின் முக்கியச் சரக்கு சித்திரால். அதைத் தனியாகக் கொதிக்க வைக்க 229 பாகை செல்சியஸ் அளவு வேண்டும். அவ்வளவு சூட்டில் அது சிதையத் தொடங்கிவிடும். ஆனால் நீரும் எண்ணெயும் ஒன்றில் ஒன்று கரையாதவை. அதனால் ஒவ்வொன்றும் மற்றது இல்லாததுபோலத் தன் ஆவியமுக்கத்தைக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து வெளியமுக்கத்தை எட்டினால் போதும், கொதித்துவிடும். அதனால்தான் 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே எண்ணெய், நீராவியின் தோளில் ஏறிக்கொண்டு வெளியே வருகிறது.

இரண்டாம் தடவைக்கு முதல்நாள் மாலை ஐந்து கிலோ வெட்டி, ஓர் இரவு நிழலில் வாடவிட்டேன். வாடினால் கானுக்குள் கூட அடையலாம். இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இறுக்கி அமுக்காமல் நிரப்பினேன். இறுக்கினால் ஆவி ஒரு மூலையால் வழி பிடித்துக்கொண்டு போய்விடும், மற்றப் பக்கத்துப் புல் அப்படியே பச்சையாக இருக்கும். ரப்பருக்கு விடை கொடுத்து, முழுக்கச் செப்பு. மூடி விளிம்புக்குக் கோதுமை மாவைக் குழைத்து அப்பினேன். மா நல்ல அடைப்பு, காவலும் அதுதான்: எங்காவது குழாய் அடைத்து அமுக்கம் ஏறினால் முதலில் பிய்வது மாவாக இருக்க வேண்டும், கானாக இருக்கக் கூடாது. இந்தக் கானில் எந்த வால்வும் போட்டு மூடாதீர்கள். சொட்டுகிற போத்தலை நெருப்பிலிருந்து தள்ளி வையுங்கள், எண்ணெயும் அதன் ஆவியும் தீப்பிடிக்கக் கூடியவை.

மிச்சத் தலையிடி முழுவதும் குளிர்விப்பில். ஆவணி மாதம், மழை இல்லை, பீப்பாத் தண்ணீர் அரை மணியில் குளிக்கிற சூட்டுக்கு வந்துவிடும். சூடான தண்ணீர் மேலே நிற்கும் என்பதால், கிணற்றிலிருந்து வரும் குழாயைப் பீப்பாவின் அடிவரை விட்டு, மேலால் வழியவிட்டேன். வழிந்தது கத்தரிக்குப் போனது. அதுவும் போதாமல் மீன்காரரிடம் ஐஸ் கட்டி வாங்கிப் போட்டேன். கணக்கு இலேசு: சொட்டும் நீர் கைக்குச் சுட்டால் எண்ணெய் காற்றோடு போகிறது. வளவெல்லாம் மணக்கிறதே என்று சந்தோசப்படாதீர்கள், அந்த மணம் உங்கள் போத்தலுக்குள் இருந்திருக்க வேண்டியது.

இந்த முறை 11 மில்லிலீற்றர். மூன்றாம் முறை 14. பச்சைப் புல்லின் நிறையில் 0.2 முதல் 0.5 வீதம் வரை கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு, ஆகவே ஐந்து கிலோவுக்கு 14 என்பது மோசமில்லை. எண்ணெய் நீரைவிட இலேசு, அடர்த்தி 0.9க்குக் கொஞ்சம் கீழே. அதனால் போத்தல் நிரம்ப நிரம்ப அது கழுத்துக்கு ஏறி, மஞ்சள் வளையமாக நிற்கும். கழுத்து ஒடுக்கமாக இருப்பதால் இரண்டு மில்லிலீற்றர் கூட ஒரு விரல் உயரத்துக்குத் தெரியும். சாராயப் போத்தலை விடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான், மாமி. சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். மறுநாள் அதே சிரிஞ்சைத் தள்ளப் பார்த்தால் நகரவில்லை. தண்டின் நுனியிலிருந்த கறுப்பு ரப்பர் ஊதிப் போயிருந்தது. எண்ணெய்ப் போத்தலை பத்திரமாக வைக்கிறேன் என்று ஒரு ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்திக்கு) பெட்டிக்குள் வைத்ததும் இன்னொரு முட்டாள்தனம். வெளியே வழிந்திருந்த நாலைந்து துளி, கறையான் அரித்ததுபோல அதில் குழி தோண்டியிருந்தது. கண்ணாடி, இறுக்கமான மூடி, இருட்டு. இந்த மூன்றும் போதும்.

எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது? சித்திரால் என்று ஒரு பெயர் சொன்னாலும் அது இரண்டு அல்டிகைட்டுகளின் கலவை: ஜெரனியல், நெரல். இரண்டுக்கும் ஒரே சூத்திரம், C₁₀H₁₆O. இரட்டைப் பிணைப்பு ஒன்றில் கூட்டங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதில்தான் வித்தியாசம். எங்களூரில் வளர்கிற இனத்தின் எண்ணெயில் சித்திரால் வழமையாக 65 முதல் 85 வீதம். மிச்சம் மிர்சீன், கொஞ்சம் ஜெரனியோல், இன்னும் பல சில்லறைகள். எல்லாமே ஐந்து காபன் கொண்ட ஐசோப்பிரீன் துண்டுகளை ஒட்டிக் கட்டிய வீடுகள். இரண்டு துண்டு என்றால் மொனோதேர்ப்பீன், மூன்று என்றால் செஸ்குவிதேர்ப்பீன். இந்த மணக் குடும்பத்தைப் பிரித்து ஒழுங்குபடுத்தியதற்காகத்தான் ஒட்டோ வாலக்குக்கு 1910இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரியான அளவு தெரிய, கலவையைப் பிரித்து ஒவ்வொன்றையும் அளக்கிற வாயு நிறப்பகுப்புக் கருவி வேண்டும். வளவில் அது இல்லை. ஆனால் இரசாயனம் படிப்பிக்கிற நண்பர் ஒருவர் பழைய வழி ஒன்றைக் காட்டினார். அல்டிகைட்டுகள் சோடியம் பைசல்பைற்றோடு சேர்ந்து நீரில் கரையக்கூடிய சேர்வையாகிவிடும். மற்றவை எண்ணெயாகவே மேலே நிற்கும். 5 மில்லிலீற்றர் எண்ணெயை அளவு கீறிய ஒடுக்கமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, பைசல்பைற்றுக் கரைசல் விட்டுக் குலுக்கினோம். ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் தயிர்போல வெள்ளையாக உறைந்தது. எனக்கு வயிறு கலங்கியது, 5 மில்லிலீற்றர் என்றால் இரண்டு கிலோ புல் அல்லவா. அவர் அசையவில்லை. சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து, இன்னும் கரைசல் விட்டுவிட்டுக் குலுக்கினார். தயிர் மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் தெளிந்த நீருக்கு மேல் மெல்லிய எண்ணெய்ப் படை மட்டும் நின்றது. 1.4 மில்லிலீற்றர். அதாவது 3.6 போய்விட்டது: 72 வீதம் அல்டிகைட்டு. படையை மணந்து பார்த்தால் எலுமிச்சை இல்லை, காய்ந்த வைக்கோல்போல ஏதோ ஒன்று. மணம் எங்கே இருந்தது என்று அப்போது புரிந்தது.

மற்ற இலைகளைப் பற்றிச் சுருக்கமாக. துளசி ஐந்து கிலோ அவித்து 2 மில்லிலீற்றர்தான். கராம்பு மணம், ஏனென்றால் கராம்பில் இருக்கிற அதே இயூஜினோல் இதிலும் உண்டு. நொச்சி பரவாயில்லை, தலையிடிக்கு வேது பிடிக்கும்போது வருகிற மணம் அப்படியே வந்தது. சினியோல் அதில் ஒரு முக்கிய பங்காளி. கற்பூரவள்ளி மனதை உடைத்தது. இலை முழுக்கத் தண்ணீர், வந்ததும் பால்போலக் கலங்கல். அதன் முக்கியச் சரக்கான கார்வக்ரோலின் அடர்த்தி 0.98 அளவு; நீரோடு கிட்டத்தட்ட ஒரே பாரம் என்பதால் மேலே வரவும் மாட்டேன், கீழே போகவும் மாட்டேன் என்று நிற்கும். ஆனையிறவு உப்பை ஒரு கை அள்ளிப் போட்டேன். நீரின் பாரம் கூடியது, எண்ணெய் கரையும் அளவு குறைந்தது, இரவோடிரவாக மேலே ஒரு மெல்லிய படை தெளிந்தது. ஒரு மில்லிலீற்றர் கூட இல்லை. ஆனாலும் அந்த ஒரு சூழ்ச்சிக்காக அந்த நாள் வீண் இல்லை.

இனி, நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை.

ஒவ்வொரு தடவையும் எண்ணெயோடு மூன்று லீற்றர் வாசநீர் வரும். எண்ணெய் கொஞ்சம், இது நிறைய. கொடுக்க ஆசையாக இருந்தது. "கிருமியைக் கொல்லும், நிலம் துடைக்க நல்லது" என்று சொல்லி ஆறேழு வீட்டுக்குப் போத்தல் போத்தலாகக் கொடுத்தேன். மாமி இரண்டு வாங்கினார். "பிள்ளையின்ரை சொறிக்குப் பூசலாமோ?" என்று கேட்டார். நல்லவேளை, தோலுக்கு வேண்டாம் என்றேன். மூன்று கிழமை கழித்து மாமி போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே பஞ்சு நூல்போல வெள்ளையாக ஒன்று மிதந்தது. "தம்பி, இதுதான் நீ சொன்ன கிருமியோ? உயிரோடை நிக்குது." என்னிடமிருந்த போத்தலையும் பார்த்தேன். அதிலும் நூல். அன்று பின்னேரமே வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக் கொட்டினேன்.

சித்திரால் கிருமிக்கு எதிரானது என்பது பொய்யில்லை. இந்தத் தேர்ப்பீன் வகைகள் கொழுப்பை விரும்புபவை. பற்றீரியா, பங்கசு எதுவானாலும் கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வு கொழுப்பால் ஆனது. எண்ணெய் அதற்குள் நுழைந்து ஒழுங்கைக் குலைக்கும். உள்ளே இருக்கவேண்டிய அயன்கள் ஒழுகும், கலம் சோர்ந்துவிடும். கார்வக்ரோல், தைமோல், இயூஜினோல் போன்ற பீனோல்கள் இதில் வலுவானவை, அல்டிகைட்டுகளும் சளைத்தவையல்ல. கிராம் என்ற சாயமேற்றல் முறையை வைத்துப் பற்றீரியாக்களை நேர்வகை, எதிர்வகை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். தோலில் புண் பண்ணும் ஸ்ரபிலோகொக்கசு போன்ற கிராம் நேர்வகைகள் பொதுவாக இலகுவில் மடங்கும். ஈ. கோலை போன்ற கிராம் எதிர்வகைகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு மதில்போல இருப்பதால் கொஞ்சம் கடினம். அந்த எதிர்வகைகளில் சூடோமோனசு மிகவும் பிடிவாதக்காரன்.

ஆனால் இதெல்லாம் எண்ணெயின் கதை, வாசநீரின் கதை அல்ல. சித்திரால் ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராம் அளவுக்குமேல் கரையாது. அந்தக் கொஞ்சமும் காற்றுப் பட்டு நாளாக நாளாகச் சிதையும். மூக்குக்கு அது தாராளம், பங்கசுக்கு அது ஒரு பொருட்டில்லை. அதோடு நான் போத்தல்களை அவிக்கவில்லை, வெறும் கழுவல்தான்.

வீட்டில் கிருமி வளர்த்துச் சோதிப்பது முட்டாள்தனம். கிருமி வளர்க்கிற அகார்க் கூழ்க் கிண்ணத்தில் பெருகுவது என்ன கிருமி என்று தெரியாமல் விளையாடக் கூடாது. ஆகவே வீட்டில் எப்படியும் நடக்கிற இரண்டு விசயங்களை எடுத்தேன்: பாண் பூஞ்சணம் பிடிப்பது, பால் தயிராவது.

முதலில் பாண். மூன்று கண்ணாடி ஜாடி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுப் பாண், சில துளி தண்ணீர். ஒன்றின் மூடிக்குக் கீழே இரண்டு துளி புல்லெண்ணெய் விட்ட பஞ்சு, பாணில் படாமல். இரண்டாவதில் வாசநீரில் தோய்த்த பஞ்சு. மூன்றாவதில் வெறும் பஞ்சு. நான்காம் நாள் வெறும் பஞ்சு ஜாடியில் பச்சைப் புள்ளி. ஐந்தாம் நாள் வாசநீர் ஜாடியில். ஒரு நாள், அதுதான் வாசநீரின் முழு வீரம். எண்ணெய் ஜாடியைப் பன்னிரண்டாம் நாள்வரை பார்த்தேன், பாண் சுத்தமாக இருந்தது. ஆவியே போதுமாக இருந்திருக்கிறது. பிறகு பஞ்சை எடுத்து எறிந்து, ஜாடியைக் காற்றாட விட்டு மீண்டும் மூடினேன். ஐந்தாம் நாள் அதிலும் பச்சைப் புள்ளி. அது புதிதாக வந்து விழுந்த பூஞ்சண வித்தியா, பழையது விழித்துக்கொண்டதா என்று இந்த ஜாடி சொல்லாது. ஆனால் நான் "கொல்லும்" என்று சொன்ன சொல்லை அன்றிலிருந்து விட்டுவிட்டேன். தடுப்பது வேறு, கொல்வது வேறு. ஆய்வுகூடத்தில் கூட அந்த இரண்டுக்கும் தேவையான அளவைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்தது தயிர். காய்ச்சி ஆறிய பால் மூன்று கோப்பை, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி உறை. ஒன்றில் இரண்டு மேசைக்கரண்டி வாசநீர், ஒன்றில் மூன்று துளி எண்ணெய், ஒன்று சும்மா. காலையில் சும்மா விட்டது கட்டித் தயிர். வாசநீர் விட்டதும் உறைந்திருந்தது, விட்ட தண்ணீரளவுக்கு இளகலாக. எண்ணெய் விட்டது காலையில் பால்தான், ஆனால் மத்தியானத்துக்குள் அதுவும் உறைந்துவிட்டது. பாணில் அவ்வளவு வல்லமை காட்டிய எண்ணெய் இங்கே ஏன் தோற்றது? பாலில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பை விரும்புகிற எண்ணெய், பற்றீரியாவின் மென்சவ்வைத் தேடிப் போகாமல் பால்கொழுப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. புரதமும் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உணவில் இந்த எண்ணெய்களைப் பயன்படுத்த நினைத்தவர்கள் எல்லோரும் மோதுகிற சுவர் இது: ஆய்வுகூடக் கரைசலில் போதுமான அளவு, கொழுப்புள்ள உணவில் போதாது, கூட்டினால் சாப்பிட முடியாது. அந்தத் தயிரை நான் சாப்பிட்டுப் பார்த்தேன். சவர்க்காரம் தின்றதுபோல இருந்தது.

தோலைப் பற்றி ஒரு வரி: சித்திரால் சிலருக்கு ஒவ்வாமை தரும், நேரே பூசினால் எரியும். என் மணிக்கட்டில் ஒரு துளி பட்ட இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

வாசநீரை இப்போதும் கொடுக்கிறேன். போத்தலைப் பத்து நிமிடம் தண்ணீரில் அவித்து, சொட்டும்போதே நேரே நிரப்பி, குளிர்ப்பெட்டியில் வைத்து, இரண்டு கிழமைக்குள் முடிக்கச் சொல்கிறேன். நிலம் துடைக்க மணமாக இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த வேலை கறுவா இலை. மாத்தறைப் பக்கமிருந்து வரும்போது ஒரு சாக்கு கொண்டுவருவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். ஒரே மரத்தில் பட்டையின் எண்ணெயில் சினமல்டிகைட்டு, இலையில் இயூஜினோல், வேர்ப்பட்டையில் கற்பூரம் என்று மூன்று இடத்தில் மூன்று சரக்கு. இலை எண்ணெய் நீரைவிடப் பாரம், அடர்த்தி 1.04 அளவு, ஆகவே போத்தல் கழுத்துக்கு ஏறாது. அடியில் போய்க் குந்திக்கொள்ளும். போத்தலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வாயில் ஒரு சின்னப் பித்தளைத் திறப்பு பொருத்தினால் எண்ணெயை முதலில் இறக்கலாம் என்று நினைக்கிறேன். மாங்குளத்தில் இரண்டு கடை ஏறிவிட்டேன், சாராயப் போத்தல் வாய்க்குப் பொருந்துகிற திறப்பு கிடைக்கவில்லை. எதற்கு என்று கேட்ட கடைக்காரருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். மாமிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்.